இசையரங்கின் பழைய ஆர்கனை ஆலயத்துக்குக் கொண்டுவரலாமா? ஐந்து வழிகளும் அவற்றின் மெய்யான செலவும்

ஓர் இசையரங்கைப் புதுப்பிக்கிறார்கள், அல்லது இடிக்கிறார்கள். உள்ளே நூறு ஆண்டைக் கடந்த குழாய் ஆர்கன் ஒன்று நிற்கிறது. புதிய மேடைத் திட்டத்தில் அதற்கு இடமில்லை. விலை கேட்டால், "நீங்களே கழற்றி எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்கிறார்கள். இந்தச் செய்தி ஒரு திருச்சபையின் குழுக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து சபை இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பாதி இதை ஆண்டவர் கொடுத்த வரம் என்று சொல்லும். மறு பாதி, கூரை ஒழுகும்போது இது எதற்கு என்று கேட்கும்.

இங்கிலாந்திலும் கனடாவிலும் சபைக் குழுக்களில் பொறுப்பு வகிக்கும் தமிழ் வாசகர்கள் சிலர் இந்தக் கேள்வியோடு எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு தரப்பு கருவியின் பெருமையிலிருந்து தொடங்குகிறது, மறு தரப்பு விலையிலிருந்து தொடங்குகிறது. உங்கள் ஆலயத்தின் சுவர்களிலிருந்தும் கூரையிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குழாய் ஆர்கனில் பாதிதான் குழாய். மீதிப் பாதி அது நிற்கும் கட்டடம். கட்டடத்தைவிட்டுப் பெயர்த்து எடுக்கும்போது நீங்கள் அரைக் கருவியைத்தான் வாங்குகிறீர்கள். மற்ற அரைப் பாகம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

ஆர்கனைக் கிட்டப் போய்ப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சொல். நம் ஹார்மோனியத்தில் துருத்தி அனுப்பும் காற்று உலோக நாக்குகளை அதிரவைக்கிறது. குழாய் ஆர்கனில் அந்தக் காற்று பெரிய பெட்டிகளில் தேங்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக நிற்கும் குழாய்களுக்குள் போகிறது. குழாய்களில் பெரும்பாலானவை புல்லாங்குழல்போல, குழாயில் வெட்டிய ‘வாய்’ என்ற பிளவால் ஒலிப்பவை. சில, நாக்கு வைத்த ரீட் குழாய்கள். ஒரே வகை ஒலியுள்ள குழாய்களின் ஒரு வரிசையைத் திறந்து மூடும் குமிழுக்கு ஸ்டாப் என்று பெயர். பெரிய கருவியில் எழுபது, எண்பது ஸ்டாப்புகளும் பல ஆயிரம் குழாய்களும் இருக்கும். மிக நீளமான குழாய் ஏறத்தாழ பத்து மீட்டர். மிகச் சிறியது ஒரு பென்சிலைவிடக் குட்டை.

## கார்டன் குரோவில் நடந்தது

இந்த முடிவின் எல்லாப் பக்கங்களையும் ஒரே இடத்தில் காட்டுகிற ஆர்கன் கலிபோர்னியாவில், கார்டன் குரோவ் நகரின் கிறிஸ்து பேராலயத்தில் இருக்கிறது. அதன் ஒரு பகுதி 1962இல் நியூயார்க்கின் பில்ஹார்மோனிக் அரங்குக்காக ஏயோலியன்-ஸ்கின்னர் நிறுவனம் கட்டியது. அந்த அரங்கின் ஒலியமைப்பைப் பற்றித் திறந்த நாளிலிருந்தே புகார்தான். 1976இல் உள்பக்கத்தை முழுதாகப் பெயர்த்தெடுத்துக் கட்டியபோது ஆர்கன் வெளியேறியது. தொலைக்காட்சிப் போதகர் ராபர்ட் ஷுல்லரின் கார்டன் குரோவ் சபை அதை வாங்கியது. தங்களிடம் ஏற்கெனவே இருந்த ரூஃபாட்டி ஆர்கனோடு இத்தாலியின் பதுவா நகரத்து ரூஃபாட்டி பட்டறை அதை இணைத்தது. 1982இல், கண்ணாடியால் ஆன புகழ்பெற்ற கிறிஸ்டல் கதீட்ரலில், ஐந்து விசைப்பலகையும் ஏறத்தாழ 16,000 குழாய்களுமாக அது நிறுவப்பட்டது. ஹேசல் ரைட் என்ற பெண்மணி பத்து லட்சம் டாலர் கொடுத்தார். அவர் பெயரே ஆர்கனுக்கு நிலைத்தது.

அந்தக் கட்டடத்தின் சுவரும் கூரையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். தென் கலிபோர்னியாவின் வெயில் நேராக உள்ளே இறங்கியது. வெப்பம், ஒழுகும் நீர், பூச்சி, காய்ந்து கிழியும் தோல் என்று முப்பது ஆண்டுகளில் கருவி நொறுங்கிப்போனது. 2010இல் சபை திவாலானது. 2012இல் ஆரஞ்சு கத்தோலிக்க மறைமாவட்டம் கட்டடத்தை வாங்கியது. அடுத்த ஆண்டு ஆர்கனைக் கழற்றி, கப்பலேற்றிப் பதுவாவுக்கே அனுப்பினார்கள். கட்டடத்தையும் சூரிய ஒளியை மட்டுப்படுத்தும்படி உள்ளிருந்து மாற்றியமைத்தார்கள். அதே கட்டடம் கிறிஸ்து பேராலயமாக 2019இல் அர்ச்சிக்கப்பட்டது. ஆர்கன் முழுக் குரலில் பாட 2022 ஆயிற்று. மீட்புக்குச் சுமார் 30 லட்சம் டாலர் ஆனதாகச் செய்திகள் சொல்லின.

இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கொடையாளர் பத்து லட்சம் கொடுத்துத் தொடங்கிய கருவிக்கு அடுத்த தலைமுறை முப்பது லட்சம் கொடுத்திருக்கிறது. ஆனாலும் அதைக் காப்பாற்றியது சரிதான் என்றே நினைக்கிறேன். கட்டடத்தைத் திருத்தாமல் கருவியை மட்டும் திருத்தியிருந்தால் முப்பது லட்சமும் இன்னொரு முப்பது ஆண்டில் வெயிலில் உருகியிருக்கும்.

## முதலில் எவற்றை அளப்பது

எதிரொலி. இசையரங்கில் ஒலி இரண்டு வினாடிக்குள் அடங்கிவிடும். வெல்வெட் இருக்கைகளும் ஆயிரம் பேரின் உடைகளும் ஒலியைக் குடித்துவிடும். அதனால் அரங்கு ஆர்கனுக்கு உரத்த குரல் கொடுத்திருப்பார்கள்; முழு இசைக்குழுவுக்கு மேலே எழும்ப வேண்டிய ரீட் குழாய்களுக்கு அழுத்தம் கூடிய காற்று கொடுத்திருப்பார்கள். கல்லால் கட்டிய பெரிய ஆலயத்தில் ஒலி நான்கு, ஐந்து வினாடி சுழலும். அங்கே அதே குழாய் பாடினால் சபையின் பாட்டு மூழ்கிப்போகும். மாறாக, கம்பளம் விரித்து, தாழ்ந்த கூரை போட்ட ஆலயத்தில் அது காதைக் குத்தும். உங்கள் ஆலயத்தின் எதிரொலியை ஆட்கள் இருக்கும்போதும் இல்லாதபோதும் அளந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இடமும் எடையும். அரங்கு ஆர்கன் பொதுவாக மேடைக்குப் பின்சுவரில் அகலமாக, ஆழமில்லாமல் நிற்கும். முன்முகம் முழுதும் மக்களைப் பார்த்திருக்கும். ஆலயத்தில் கிடைப்பதோ மேற்கு மாடமாக இருக்கும், இல்லையென்றால் பீடத்துக்குப் பக்கவாட்டில் ஓர் ஒடுங்கிய அறையாக இருக்கும். அந்த அறைக்குள் திணித்தால் ஒலியும் அறைக்குள்ளேயே நின்றுவிடும். பெரிய கருவிகளின் எடை பத்து, இருபது டன் என்று போகும். மாடம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்டுச் சொல்லாமல் ஒரு குழாயைக்கூட ஏற்றக்கூடாது.

வெப்பமும் ஈரப்பதமும். வாயால் ஒலிக்கும் குழாயின் சுரம், வெப்பம் ஏற ஏற உயரும். ரீட் குழாய் அந்த அளவுக்கு நகராது. பத்து டிகிரி மாறினால் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே ஏறத்தாழ அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு விரிசல் விழும். இது சுருதி சேர்த்துச் சரிசெய்யக்கூடியது. சரிசெய்ய முடியாதது, குளிர்நாட்டு ஆலயங்களில் ஞாயிறு காலை மட்டும் வேகமாகப் போடும் வெப்பமூட்டி. ஈரம் சட்டென்று குறைந்து, நூறாண்டு மரப்பெட்டி ஒரே குளிர்காலத்தில் வெடிக்கும்.

சுருதி. அரங்கு ஆர்கன்கள் அந்தந்தக் காலத்து இசைக்குழுவின் சுருதிக்குக் கட்டப்பட்டவை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ‘ஏ’ சுரம் 452 ஹெர்ட்ஸ் வரை உயர்ந்திருந்தது. பிரான்ஸ் 1859இலேயே 435 என்று சட்டம் போட்டுவிட்டது. இன்றைய 440க்கு மாற்றுவதென்றால் ஒவ்வொரு குழாயையும் தொட வேண்டும். ஆலயத்தில் வேறு கருவிகள் சேர்ந்து வாசிக்குமா என்பதை முதலில் கேளுங்கள். சேராது என்றால் பழைய சுருதியை அப்படியே விட்டுவிடலாம். ஒரு பெருஞ்செலவு மிச்சம்.

பயன்பாடு. வாரம் ஒருமுறை நான்கு ஞானப்பாட்டுகள்தானா? பாடகர் குழுவுக்கு மெல்லிய துணை வேண்டுமா? மாதம் ஒரு கச்சேரி நடத்த ஆளும் ஆர்வமும் இருக்கிறதா? இதற்கு நேர்மையான பதில் சொல்லும் சபைகள் குறைவு.

வாசிப்பவர். நான்கு விசைப்பலகை ஆர்கனுக்கு முன் உட்கார ஆள் வேண்டும். இப்போதைய ஆர்கனிஸ்ட் ஓய்வுபெற்ற பிறகும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்கச் செலவு | மறைந்திருக்கும் செலவு | காலம் | எப்போது சரி |
|---|---|---|---|---|
| இடம்பெயர்த்து, பழைய நிலைக்கே மீட்பது | நடுத்தரம் முதல் அதிகம் | கட்டட வேலை, சேமிப்பு, தோல் | பல ஆண்டுகள் | அளவும் எதிரொலியும் பொருந்தும்போது |
| இடம்பெயர்த்து, மாற்றிக் கட்டுவது | அதிகம் | திரும்பப் பெறமுடியாத இழப்பு | பல ஆண்டுகள் | கருவி முன்பே பலமுறை மாற்றப்பட்டிருந்தால் |
| வேறோர் அரங்குக்கு வழிவிடுவது | இல்லை | தேடும் உழைப்பு | நிச்சயமில்லை | ஆலயம் பொருந்தாதபோது |
| புதிய குழாய் ஆர்கன் | மிக அதிகம் | காத்திருப்பு | பல ஆண்டுகள் | வழிபாட்டுத் தேவை தெளிவாக இருக்கும்போது |
| டிஜிட்டல் ஆர்கன் | குறைவு | திரும்பத் திரும்ப வாங்குவது | சில மாதங்கள் | இடமோ பணமோ அறவே இல்லாதபோது |

## முதல் வழி: இடம்பெயர்த்து, பழைய நிலைக்கே மீட்பது

நான் மனதார விரும்புவது இந்த வழியைத்தான். இதற்கு முன்னோடிகள் பல உண்டு. சூரிச் நகரின் டோன்ஹாலே அரங்குக்காக 1872இல் குன் பட்டறை கட்டிய ஆர்கன், அரங்கு புதிய கருவி வாங்கியபின் 1990களில் அதே ஊரின் நொய்மூன்ஸ்டர் ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டோன்ஹாலே 1988இல் வாங்கிய அந்தப் புதிய கருவியும் இன்று அரங்கில் இல்லை. அண்மைப் புதுப்பிப்பின்போது அது ஸ்லோவேனியாவின் கோப்பர் பேராலயத்துக்குப் போய்விட்டது. ஒரே அரங்கின் இரண்டு ஆர்கன்கள் அடுத்தடுத்து இரண்டு ஆலயங்களில் அடைக்கலம் புகுந்திருக்கின்றன. இசையரங்குகள் தங்கள் மேடையை ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கின்றன. ஆலயங்கள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. பழைய கருவிக்கு ஆலயம் நல்ல வீடாவதற்கு இதுவே முதல் காரணம்.

கண்காட்சி அரங்குகளிலிருந்து வந்தவையும் இந்தக் கணக்கில் சேரும். 1876இல் பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ஹுக் அண்ட் ஹேஸ்டிங்ஸ் நிறுவனம் கட்டிய நான்கு விசைப்பலகை ஆர்கனைப் பஃபலோ நகரின் புனித யோசேப்பு பேராலயம் வாங்கியது. 2001இல் அதன் மீட்பு நிறைவேறியது. இன்றும் அங்கேதான் ஒலிக்கிறது. லண்டன் லைம்ஹவுஸ் புனித அன்னாள் ஆலயம் 1850இன் பெரிய வெள்ளியன்று தீயில் எரிந்தது. அடுத்த ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் பரிசு பெற்ற கிரே அண்ட் டேவிசன் ஆர்கன் அந்த ஆலயத்துக்கு வந்தது. 2000களில் வில்லியம் டிரேக்கின் பட்டறை அதை மீட்டெடுத்தது. கட்டியவர்கள் கேட்ட ஒலிக்கு மிக அருகில் இன்றும் கேட்கக் கிடைக்கும் அபூர்வமான கருவி அது. அடுத்தடுத்த தலைமுறைகள் அதில் பெரிதாகக் கைவைக்கவில்லை என்பதுதான் அதன் பாக்கியம்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகள் பல. கழற்றுவதும் ஏற்றுவதும் கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாதவற்றுள் முதலாவது தோல். இருபதாம் நூற்றாண்டின் மின்-காற்று இயக்க ஆர்கன்களில் ஒவ்வொரு குழாய்க்கும் கீழே சிறிய தோல் பை ஒன்று இருக்கும். ஆயிரக்கணக்கான பைகள், எல்லாம் ஏறத்தாழ ஒரே வயது. எனவே ஒன்று கிழியத் தொடங்கினால் மற்றவையும் பின்னாலேயே கிழியும். நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை அத்தனையையும் மாற்ற வேண்டும். விசையையும் காற்றுத் திறப்பையும் மரப் பட்டைகளால் நேரே இணைத்த இன்னும் பழைய கருவிகளில் இந்தத் தொல்லை குறைவு. நூறாண்டு பழையது ஐம்பதாண்டு பழையதைவிட மலிவாக மீளலாம் என்பது குழுக் கூட்டங்களில் யாரும் எதிர்பாராத செய்தி.

இரண்டாவது சேமிப்பு. கட்டட வேலை முடிவதற்குள் கருவி கழற்றப்பட்டுவிட்டால் அது பெட்டிகளுக்குள் காத்திருக்க வேண்டும். பாஸ்டன் மியூசிக் ஹாலின் வால்க்கர் ஆர்கன் 1863இல் ஏறத்தாழ 60,000 டாலருக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1884இல் இசைக்குழுவுக்கு மேடை இடம் போதவில்லை என்று வெளியேற்றப்பட்டு 5,000 டாலருக்கு விற்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டு கிடங்கில் கிடந்தபின் 1897இல் ஏலத்தில் எட்வர்ட் சேர்ல்ஸ் என்ற செல்வந்தர் கொடுத்த விலை 1,500 டாலர். மினியாபொலிஸ் நகர அரங்கின் 1928ஆம் ஆண்டுக் கிம்பால் ஆர்கன் 1987இல் கழற்றப்பட்டு, பல பத்தாண்டுகள் பெட்டிகளுக்குள்ளேயே இருந்தது. பெட்டிக்குள் போன ஆர்கனை வெளியே எடுப்பதற்குப் பணம் திரட்டுவது மிகக் கடினம். யாரும் கேட்டிராத குரலுக்காக யார் கொடுப்பார்கள்?

மூன்றாவது, எல்லை தாண்டுதல். பழைய விசைப்பலகைகளில் யானைத் தந்தம் பதித்திருப்பார்கள். அருகிவரும் உயிரினங்கள் குறித்த சர்வதேச உடன்படிக்கையின்படி அனுமதிச் சீட்டு இல்லாமல் அது நாடு விட்டு நாடு போகமுடியாது. இதற்காகவே துறைமுகத்தில் மாதக்கணக்கில் நிற்க நேரலாம்.

உங்கள் ஆலயம் பெரியது, ஒலி சுழலும் கட்டடம், கருவி பெரும்பாலும் கைபடாமல் இருக்கிறது, கச்சேரிகள் நடத்த ஊரில் ஆர்வலர்கள் இருக்கிறார்கள் என்றால் தயங்க வேண்டாம்.

## இரண்டாம் வழி: இடம்பெயர்த்து, ஆலயத்துக்கேற்ப மாற்றிக் கட்டுவது

நடைமுறையில் பெரும்பாலோர் விழும் வழி இது. கருவி வந்துவிடுகிறது, இடம் போதவில்லை, ஒலி பொருந்தவில்லை. "சற்றே மாற்றிக்கொள்ளலாம்" என்று தொடங்குகிறார்கள்.

குறைப்பது ஒரு வகை. 1851 மாபெரும் கண்காட்சியில் ஹென்றி வில்லிஸ் வைத்திருந்த 70 ஸ்டாப் ஆர்கனை, தன் ஆர்கனிஸ்ட் சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லியின் வற்புறுத்தலால் வின்செஸ்டர் பேராலயம் வாங்கியது. 1854இல் அங்கே நிறுவப்பட்டபோது அது 49 ஸ்டாப். கட்டிய வில்லிஸே குறைத்தார், பேராலயத்தின் தேவைக்காகக் குறைத்தார். அதனால் அது நல்ல ஆர்கனாகவே வாழ்ந்தது. கட்டியவர் உயிரோடு இல்லாத இன்றைய நிலையில் அதே கத்தரிக்கோலை எடுப்பவருக்கு அந்த உரிமை கிடையாது என்று நினைக்கிறேன்.

பெருக்குவது இன்னொரு வகை. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியின் ஆர்கனை வணிகர் ஜான் வனமேக்கர் பிலடெல்பியாவில் தன் கடைக்காக 1909இல் வாங்கினார். அதைக் கொண்டுவர 13 சரக்கு ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன. 1911இல் ஏழு மாடி உயர முற்றத்தில் வாசித்துப் பார்த்தபோது பத்தாயிரம் குழாய்களும் போதவில்லை. கூட்டிக்கொண்டே போய் இன்று 28,000ஐத் தாண்டியிருக்கிறது. அது நின்றது ஆலயத்தில் அன்று, 2025இல் மூடப்பட்ட ஒரு கடையில். சொந்தப் பட்டறையே வைத்துக்கொள்ளும் செல்வம் இருந்த கடை. கட்டடத்துக்கும் கருவிக்கும் அளவு பொருந்தாவிட்டால் செலவு எந்தத் திசையில் ஓடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மூன்றாவது வகை, இரண்டு கருவிகளை இணைப்பது. கார்டன் குரோவில் நடந்தது அதுதான். இணைத்தபின் எது பழையது, எது புதியது என்று பிரிப்பது அரிது. வருங்காலத்தில் ‘பழைய நிலை’ என்று திரும்பிப் போக ஓர் இடமே இருக்காது.

மாற்றங்களைத் திருப்ப முடிந்தவை, முடியாதவை என்று பிரித்துவைத்து விவாதியுங்கள். புதிய மின் ஊதுலை, ஸ்டாப் சேர்க்கைகளை நினைவில் வைக்கும் மின்னணு அமைப்பு, தனியே நகர்த்தக்கூடிய விசைமேடை ஆகியவற்றை நாளை கழற்றிவிடலாம். குழாய் வாயின் மேல் விளிம்பை உயர்த்தி வெட்டுவது, குழாயைச் சுருதிக்காகக் குட்டையாக்குவது, காற்றழுத்தத்தை மாற்றிக் குரலையே மாற்றுவது ஆகியவை திரும்பாதவை. வெட்டிய உலோகம் ஒட்டாது.

இந்த வழி எப்போது நியாயம்? கருவி ஏற்கெனவே மூன்று நான்கு முறை மாற்றப்பட்டு, மூல நிலை எது என்றே தெரியாமல் போயிருந்தால். அல்லது, நீங்கள் எடுக்காவிட்டால் குழாய்கள் பழைய உலோக விலைக்கு உருக்கப்படும் என்பது உறுதியானால். இரண்டாவது காரணத்தை விற்பவர் வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள். வேறு யார் யாரைக் கேட்டார் என்று கேளுங்கள்.

## மூன்றாம் வழி: வேறோர் அரங்குக்கு வழிவிடுவது

வேண்டாம் என்று சொல்வதும் ஒரு முடிவு. 1875இல் பிரெஞ்சு ஆர்கன் கைவினைஞர் கவாயே-கோல் ஆம்ஸ்டர்டாமின் தொழில் மாளிகைக்குக் கட்டிய ஆர்கனை 1920களின் தொடக்கத்தில் ஹார்லெம் நகரத்தார் வாங்கித் தங்கள் கச்சேரி அரங்கில் வைத்தார்கள். 1929இல் ஆம்ஸ்டர்டாம் மாளிகை தீக்கிரையானது. ஆர்கன் இன்றும் ஹார்லெமில் பாடுகிறது. அதே கைவினைஞர் 1878இல் பாரிஸ் ட்ரோகதேரோ அரங்குக்குக் கட்டியது இரண்டுமுறை இடம் மாறி, 1977 முதல் லியோன் நகரின் இசையரங்கில் இருக்கிறது. இசையமைப்பாளர் சேசர் ஃபிராங்கின் மூன்று படைப்புகள் அந்தக் கருவியின் முதல் ஆண்டுக்காகவே எழுதப்பட்டவை. ஃபிராங்க், விடோர் போன்றவர்கள் எழுதிய அரங்கு இசையை அரங்கிலேயே கேட்கக் கிடைப்பதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது.

பாஸ்டன் கருவியின் கதையும் இங்கேதான் முடிகிறது. சேர்ல்ஸ் அதற்காகவே பாஸ்டனுக்கு அருகே மெத்யூன் என்ற ஊரில் தனி மண்டபம் கட்டினார். ஆலயங்கள் பல வடிவமைத்த ஹென்றி வான் வரைந்த மண்டபம் அது, 1909இல் திறக்கப்பட்டது. கருவிக்காகக் கட்டடம் கட்ட எல்லோராலும் முடியாது. ஆனால் கருவிக்குப் பொருந்தாத கட்டடம் வைத்திருப்பவர், பொருந்துகிற கட்டடம் வைத்திருப்பவரைத் தேடிக் கொடுக்கலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கைவிடப்பட்ட ஆர்கன்களைப் பட்டியலிட்டு ஆள் சேர்க்கும் அமைப்புகள் இருக்கின்றன.

## நான்காம் வழி: புதிய குழாய் ஆர்கன்

உங்கள் கட்டடத்துக்காகவே அளந்து, உங்கள் எதிரொலிக்காகவே குரல் அமைத்துக் கட்டப்படும் கருவி. பொருத்தத்தில் இதற்கு இணை கிடையாது. இருபது ஸ்டாப் உள்ள புதிய ஆர்கன், பொருந்தாமல் நிற்கும் எழுபது ஸ்டாப் அரங்கு ஆர்கனைவிடச் சபையின் பாட்டை அழகாகத் தாங்கும். இதைக் குழுக்களிடம் சொல்லும்போது எண்ணிக்கையை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை என்பதுதான் என் அனுபவம்.

தடை பணம். நடுத்தர அளவு ஆர்கன் பத்து லட்சம் யூரோவைத் தொடுவது சாதாரணம். நல்ல பட்டறைகளில் வரிசையில் நிற்க வேண்டும். வழக்கமான பராமரிப்பு ஒழுங்காக நடந்தால் முதல் ஐம்பது ஆண்டுக்குப் பெரிய செலவு வராது என்பது ஆறுதல். பழைய கருவியை மீட்கும் மதிப்பீடு, புதிய சிறிய கருவியின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால், வரலாற்று மதிப்பு மிக உயர்ந்ததாக இருந்தாலொழிய, நான் புதியதன் பக்கமே சாய்வேன்.

## ஐந்தாம் வழி: டிஜிட்டல் ஆர்கன்

பெரிய ஆர்கன்களின் ஒலியைக் குழாய் குழாயாகப் பதிவுசெய்து ஒலிபெருக்கியில் தரும் கருவி. விலை குறைவு, இடம் தேவையில்லை, சுருதி கலையாது. சிறிய சபைக்கு இது போதும் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மின்னணுப் பாகங்கள் இருபது, முப்பது ஆண்டுக்குமேல் கிடைப்பதில்லை. ஒரு நூற்றாண்டில் நான்குமுறை வாங்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரிய கல் ஆலயத்தில் நூறு பேர் எழுந்து நின்று பாடும்போது, ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து வரும் ஒலிக்கும் காற்றை நேரே அசைக்கும் குழாய்க்கும் உள்ள வேறுபாடு பயிற்சியில்லாத காதுக்கும் கேட்கும்.

மீட்பு நடக்கும் ஆண்டுகளில் வழிபாட்டுக்கு எப்படியும் ஒரு மாற்றுக் கருவி வேண்டும். அதற்கு வாடகைக்கு எடுத்த டிஜிட்டல் ஆர்கன் மிகப் பொருத்தம். அந்த வாடகையையும் முதல் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான மதிப்பீடுகளில் அது விடுபட்டிருக்கும்.

## கையெழுத்திடுவதற்கு முன்

வேலையைப் பெறப்போகும் பட்டறையே ஆலோசகராகவும் இருக்க அனுமதிக்காதீர்கள். தனி ஆலோசகர் ஒருவருக்குக் கட்டணம் கொடுங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயமென்றால் மறைமாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியின்றி ஆர்கனைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. மறைமாவட்டத்தின் ஆர்கன் ஆலோசகரைக் கடைசியில் போய்ப் பார்ப்பதைவிட முதலிலேயே அழைத்துவருவது நல்லது.

நிதியை மூன்று பையாகப் பிரித்துவையுங்கள்: கட்டடத்துக்கு ஒன்று, கருவிக்கு ஒன்று, அதன்பின் வரும் ஆண்டுகளின் சுருதிப் பராமரிப்புக்கும் வாசிப்பவர் சம்பளத்துக்கும் ஒன்று. மூன்றாவது பை காலியாக இருக்கும்போது முதல் இரண்டையும் நிரப்பத் தொடங்கினால், யானையை வாங்கிக் கட்டிவிட்டுத் தீனிக்கு அலைவதுபோல ஆகிவிடும்.

எடுப்பதென்று முடிவாகிவிட்டால், கழற்றும் நாளுக்கு முன்பே குழுவிலிருந்து ஐந்து பேராவது அந்த அரங்குக்குப் போக வேண்டும். ஒவ்வொரு ஸ்டாப்பையும் தனியாக, கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரம் வரை வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு காற்றுப் பெட்டியின் அழுத்தத்தையும் அளந்து எழுதுங்கள். குழாய்கள் நிற்கும் வரிசையைப் படமெடுத்து எண் போடுங்கள். ஏழெட்டு ஆண்டு கழித்து உங்கள் ஆலயத்தில் அந்தக் குழாய்களுக்குக் குரல் அமைக்கப்போகும் கைவினைஞர் அந்த அரங்கில் அவற்றைக் கேட்டிருக்கமாட்டார். அவர் கையில் அந்தப் பதிவு மட்டும்தான் இருக்கும்.